மூணு ஜிகாபிட்டும் அம்மாவின் காதும்

அம்மாவின் மடிக்கணினி உயிர் பெற நாலு நிமிடம் ஆகும். பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய் டீ கலந்து எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் திரை வந்திருக்கும். சில நாள் வந்திருக்காது. 2010இல் வேலை போனபோது கிடைத்த ஆட்குறைப்புப் பணத்தில், நான் பாலிடெக்னிக் போவதற்காக வாங்கிக் கொடுத்தது அது. வேலைக்குப் போனதும் நான் புதுசு வாங்கிக்கொண்டேன். பழசை அம்மா எடுத்துக்கொண்டார். பொங்கோல் வீட்டில், எல்ஆர்டி போவது தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு வருஷமாக அதில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"சும்மா. ஃபேக்டரி கதை."

யாருக்கு என்று கேட்டால், "எனக்குத்தான்" என்பார்.

போன வருஷம் அதன் வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடலாம் என்று முடிவு செய்தேன். எதை வாங்கினாலும் அதைப் பற்றி இருக்கிற எல்லாவற்றையும் படித்துத் தீர்க்கிற வியாதி எனக்கு உண்டு. இந்தக் கணினியில் இருப்பது சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்பு, வினாடிக்கு 3 ஜிகாபிட். கடையில் விற்கிற எஸ்எஸ்டிகளோ மூன்றாம் தலைமுறை, 6 ஜிகாபிட். போட்டால் பொருந்தும், ஆனால் பாதி வேகத்தில்தான் ஓடும். அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ வகையைச் செருக இந்தக் கணினியில் இடமே கிடையாது. பாதி வேகத்துக்கு முழுக்காசு கொடுப்பதா? பேசாமல் புதுக் கணினியே வாங்கிவிடலாமா? அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். இப்படியே இரண்டு வாரம் போனது.

அந்த இரண்டு வாரத்தில் அம்மா ஒருமுறை சொன்னார்: "உள்ள சத்தம் மாறியிருக்கு மா." பழைய கணினி என்றால் சத்தம் வராமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை வடகிழக்குப் பாதையில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவிலிருந்து நடந்து சிம் லிம் ஸ்குவேருக்குப் போனேன். மூன்றாவது கடையில் இருந்த சீன அங்கிளிடம் என் 3, 6 குழப்பத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கிறதிலேயே சாதாரணமான 500 ஜிபி ஒன்றை எடுத்து வைத்தார். "இது போதும். யார் கணினி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுடையது என்றேன். "அப்படின்னா வித்தியாசமே தெரியாது லா. வேண்டியதை முதல்ல காப்பி பண்ணிட்டியா?"

"இனிமேல்தான் அங்கிள்."

அவர் என்னைப் பார்த்த விதம் பிடிக்கவில்லை.

ராத்திரி அம்மாவிடம் என் கணக்கையெல்லாம் விளக்கினேன். அனுப்பும்போது எட்டு பிட்டைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்புவதால் 3 ஜிகாபிட் என்பது உண்மையில் வினாடிக்கு 300 மெகாபைட். அம்மா கேட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தார்.

"இது சுத்துது. நிமிஷத்துக்கு 5,400 தடவை. அப்ப ஒரு சுத்துக்கு எவ்வளவு?"

மனக்கணக்கில் 11 மில்லிவினாடி என்றேன்.

"நீ கேக்குற துண்டு எந்தப் பக்கம் இருக்கோ, அது சுத்தி வர்ற வரைக்கும் இந்தக் கை காத்திருக்கணும்." ஆள்காட்டி விரலைத் தட்டின் மேல் படாமல் பிடித்துக்கொண்டார். "கை முதல்ல அந்த வரிசைக்கு நகரணும். அதுக்கு ஒரு பத்துப் பன்னெண்டு. அப்புறம் அரைச் சுத்தாவது காத்திருக்கணும். ஒரு வினாடியில எத்தனை துண்டு எடுப்ப?"

ஐம்பது, அறுபது. கணினி திறக்கும்போது படிப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்குக் கால் மெகாபைட்கூட வராது. 300 மெகாபைட் போகிற பாதை. அதில் கால் மெகாபைட். தெம்பனிஸ் விரைவுச்சாலை முழுக்கக் காலியாக இருக்க, ஒரே ஒரு சைக்கிள் போவது போல. நான் இரண்டு வாரமாகச் சாலைக்கு மூன்று தடம் போதுமா, ஆறு வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, நகரும் கை இல்லை. ஒரு துண்டைத் தேட மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். 3 ஜிகாபிட் இணைப்பில் போட்டாலும் அந்தத் தேடும் நேரம் மிச்சமாகும்.

அம்மாவுக்கு இது தெரிந்திருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான்தான் மறந்துபோயிருந்தேன். 1982இல் சீகேட் நிறுவனம் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். 80களின் பிற்பகுதியிலும் 90களிலும் உலகத்துக்கே அதிகமாக வன்தட்டு செய்து அனுப்பிய இடம் இந்தச் சின்னத் தீவு. பிறகு தாய்லாந்து, சீனா என்று வேலை நகர்ந்தது. அங் மோ கியோவில் இருந்த சீகேட் ஆலை 2010இல் மூடப்பட்டது. அம்மா இருந்தது வேறொரு நிறுவனத்தில். 1988இலிருந்து 22 வருஷம். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பில், நுண்ணோக்கியில் குனிந்தபடி, தட்டின் மேல் பறக்கிற அந்தத் தலையைப் பொருத்துகிற வேலை. ஒரு புகைத்துகள் விழுந்தாலே அந்த இடைவெளிக்கு அது மலை. கடைசிச் சில வருஷம், கெட்டுப்போய்த் திரும்பி வருகிற வன்தட்டுகளைச் சோதிக்கும் பிரிவு.

"இப்ப கேளு" என்று கணினியில் காதை வைக்கச் சொன்னார்.

டிக். கொஞ்சம் நிறுத்தம். டிக், டிக்.

"படிக்க முடியல. அதான் கை திரும்பத் திரும்பப் போய்த் தேடுது. ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்கு. நீ ஏதோ ஸ்பீடு பாத்துக்கிட்டு இருந்தியா, சரி வாங்கட்டும்னு இருந்தேன்."

"உங்க ஃபைலெல்லாம் வேற எங்கயாவது இருக்கா?"

"இதுல மட்டும்தான்."

அவர் கோப்புகளை மட்டும் முதலில் எடுத்தேன். மொத்தம் 41. எல்லாம் சேர்த்து ஒன்றரை மெகாபைட்கூட இல்லை. எவ்வளவு பழைய இணைப்பிலும் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடக்கூடியது. 40 வந்தன. ஒன்று வரவில்லை. 'ராத்திரி ஷிப்ட்' என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தொடும்போதெல்லாம் டிக் டிக் என்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, வன்தட்டை வெளியே எடுத்து ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு, முழுவதையும் நகலெடுக்க விட்டேன். 320 ஜிபி, யுஎஸ்பி 2 வழியாக வினாடிக்கு 30 மெகாபைட் என்றால் மூன்று மணி நேரம். விடியும் வரை ஓடியது. கெட்ட இடம் வரும்போதெல்லாம் நின்று, முக்கி, தாண்டிப் போனது. அம்மாவும் தூங்கவில்லை. பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரியில் உட்காருவது போல. அந்த ஒரு கோப்பு அதிலும் கிடைக்கவில்லை.

"இரண்டு வாரம் முன்னாடியே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"விடு. எனக்கு ஞாபகம் இருக்கு."

எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், பழையது 9.5. ஆடாமல் இருக்க மைலோ டப்பா அட்டையை மடித்து அம்மாவே அடியில் வைத்தார். திருப்புளியைப் பிடித்த கை துளியும் நடுங்கவில்லை. கணினி அரை நிமிடத்தில் திறந்தது. அம்மா குனிந்து அதில் காதை வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கல."

"அதான்மா நல்லது. சுத்துறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்ப கெட்டுப்போகப் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல முடியவில்லை. இந்த வகை பெரும்பாலும் சத்தம் போடாமல்தான் சாகும். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கோப்புகளை ஒரு தம்ப் டிரைவிலும் என் கணினியிலும் நகலெடுத்து வைக்கிறேன். பழைய வன்தட்டைத் தூக்கிப்போட விடவில்லை. துணி சுற்றித் தையல் பெட்டியில் வைத்திருக்கிறார்.

'ராத்திரி ஷிப்ட்' மறுபடி எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் எழுதியது இவ்வளவு நீளம் இல்லை என்கிறார்.