அடைக்கோழியும் தெர்மோகோல் பெட்டியும்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

செவலை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. மூன்று நாளாகக் கூடையை விட்டு எழவில்லை. பக்கத்தில் போனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரியே முட்டை வெச்சிடும்மா" என்றார். கூடையில் பாதிக்கு மணல், மேலே வைக்கோல். மணலுக்குள் ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்கவாம். தை மாசத்தில் பூந்தமல்லியில் ஏது இடி என்றேன். "மெட்ரோகாரன் ராத்திரியில போடற சத்தம் போதாதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செவலைக்கு 11 முட்டை. இன்னொரு 12 முட்டை, பையன் வாங்கி வந்திருக்கும் பெட்டிக்கு. தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, ஒரு குட்டி மின்விசிறி, சிவப்பில் 37.5 என்று காட்டும் கருவி. கோழி ஜெயிக்குமா பெட்டி ஜெயிக்குமா என்று அத்தைக்கும் பையனுக்கும் போட்டி. முட்டைகளில் எதிர்வீட்டில் வாங்கியது ஐந்து, மீதியெல்லாம் நம் பெட்டைகள் இட்டவை. எல்லாம் பத்து நாளுக்குள் சேர்த்தவை. கோடையானால் இப்படிச் சேர்த்து வைக்க முடியாது. அக்னி நட்சத்திர வெயிலில், அடையில் வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும்.

"கடை முட்டையை வெச்சா பொரிக்காதாக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நாமக்கல் பண்ணைக் கூண்டில் இருக்கும் வெள்ளை லெகார்ன் சேவலின் முகத்தையே பார்த்ததில்லை. பிறகு எங்கிருந்து குஞ்சு வரும்?

ஜனவரி 21

பெட்டி முட்டைகளில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், ராத்திரி திருப்பி வைக்கிறோம். செவலை இதை அலகாலேயே செய்கிறது, பென்சில் கேட்கவில்லை.

காட்டுப்பாக்கத்தில் கோழி வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையன் பத்து நிமிடத்தில் ஆட்டோவில் போய் இறங்கிவிட்டானாம். நம் பூந்தமல்லி ரோட்டுக் காட்டுப்பாக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காட்டுப்பாக்கம் வேறு. அது ஜி.எஸ்.டி. சாலையில், பொத்தேரி பக்கம்.

ஜனவரி 26, ஞாயிறு

ஏழாம் நாள். விளக்கை அணைத்துவிட்டு, அட்டையைச் சுருட்டி செல்போன் வெளிச்சத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். ஓடு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. நடுவே சிலந்தி மாதிரி ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எட்டுத் திக்கும் ஓடும் சிவப்பு நரம்புகள். புள்ளி அசைந்தது. பையன் மூச்சே விடவில்லை. அத்தை கண்ணாடியைத் துடைத்து இரண்டாம் தடவை பார்த்தார். அறுபது வருஷமாக அடை வைக்கிறவர் முட்டைக்குள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கோழியிடம் ஒன்று, பெட்டியில் இரண்டு, ஒன்றுமில்லாமல் தெளிந்து கிடந்தன. எடுத்துவிட்டோம். விட்டால் அழுகிக் கூமுட்டையாகும். கணக்கு வாத்தியார் என்னை எத்தனையோ தடவை அப்படி அழைத்ததுண்டு.

ஜனவரி 30

காலை ஒன்பது முதல் மதியம் வரை கரண்ட் இல்லை. பெட்டியைப் போர்வையால் சுற்றி, வெந்நீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்தேன். எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறவர்கள், முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூடு பார்த்துவிடுவார்களாம். நானும் வைத்துப் பார்த்தேன். இதமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

கரண்ட் வந்தபின் சந்தேகப்பட்டு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். கருவி 37.5 என்றது. தெர்மாமீட்டர் 97.6, அதாவது 36.4 தான். பதினோரு நாளாக அந்தச் சிவப்பு எண் பொய் சொல்லியிருக்கிறது.

பிப்ரவரி 6

பதினெட்டாம் நாள். இனிப் பெட்டி முட்டைகளைத் திருப்பக் கூடாது. ஈரம் கூட வேண்டும் என்று தண்ணீர்க் கிண்ணம் இன்னொன்று வைத்தோம். அத்தை தம் பங்குக்கு, செவலையின் முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டார். காற்றே இல்லாத சமையலறையில், பாத்திரத்தில் முட்டைகள் தாமாகத் தலையாட்டின.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவைத்தாற்போல 21 நாள். செவலையின் வயிற்றுக்கடியிலிருந்து கீச்சுக் கீச்சு. சாயங்காலத்துக்குள் ஒன்பது குஞ்சு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. பெட்டி கப்சிப்.

பிப்ரவரி 11

நேற்று மதியம் பெட்டியில் இரண்டு பொரிந்தன. மூன்றாவது ஓட்டைக் குத்திவிட்டு அலகை நீட்டிக்கொண்டு ஏழு மணி நேரம் அப்படியே இருந்தது. மனசு கேட்கவில்லை. மூடியைத் திறந்து ஓட்டை உரித்துவிட்டேன். அது பிழைத்தது. ஆனால் திறந்து மூடியதில் ஈரம் போய், பக்கத்து முட்டைகளில் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிட்டது. இன்று காலை வரை இன்னும் இரண்டுதான் வந்தன. மீதி ஐந்தும் போயின. கருவியின் பொய்யைக் குற்றம் சொல்லலாம். ஆனால் கடைசி நாளில் மூடியைத் திறந்த கை என்னுடையது.

ராத்திரி பத்து மணிக்கு மேல், விளக்குப் போடாமல், ஐந்து குஞ்சையும் ஒவ்வொன்றாகச் செவலையின் சிறகுக்கடியில் நுழைத்தேன். கையை ஒரே ஒரு தடவை கொத்தியது. பிறகு "க்ர்ர்" என்று அடித்தொண்டையில் ஏதோ சொல்லி, உடம்பை அகட்டி இடம் கொடுத்தது.

பிப்ரவரி 14

குஞ்சுகளைப் பிரித்துவிட்டால் செவலை சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும் என்று யோசனை சொன்னார்கள். கணக்கு சரிதான். நாட்டுக்கோழி ஒரு சுற்றில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு, 21 நாள் அடைகாத்து, அப்புறம் இரண்டு மூன்று மாசம் பிள்ளைகளோடு திரியும். ஆனால் பிரித்தால் அந்த வேலையெல்லாம் என் தலையில்: குண்டு பல்பு, முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு, நடுராத்திரியில் எழுந்து குவிந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. செவலை நொய்யை அலகால் கொத்திப் போட்டுக் காட்டுகிறது; நிழல் ஆடினால் ஒரு சத்தம், பதினாலும் சிறகுக்குள். அப்படியும் இன்று மாடிச் சுவரிலிருந்து வந்த காக்கா ஒன்றைத் தூக்கிவிட்டது. செவலை ஆள் உயரத்துக்குப் பறந்து துரத்தியது. பதின்மூன்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழாம் நாள் தடுப்பு மருந்து, எஃப்-1. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூடு ஒரே வாரத்தில் காலி. ராணிக்கேத் நோய் என்பதும் இதைத்தான். இங்கிலாந்தில் 1926-ல் நியூகாசிலில் தலைகாட்டியதால் வெளியே அதற்கு அந்த ஊர்ப் பெயர். பெரிய கோழிகளுக்குக் கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. பச்சைக் குஞ்சுக்கு நாம்தான் பார்க்க வேண்டும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் புட்டியைக் கொண்டுவந்து, கண்ணில் ஒரு சொட்டு. அத்தை பிடித்துக்கொண்டார், நான் விட்டேன். சொட்டு விழுந்ததும் ஒவ்வொன்றும் கண்ணைச் சிமிட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

புட்டியில் இருப்பது நூறு குஞ்சுக்கான மருந்து. கரைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. எதிர்வீட்டு எட்டையும் சேர்த்து 21 குஞ்சுக்குப் போட்டோம். மீதியைக் கொட்ட வேண்டியதாயிற்று.

அடுத்தது லசோட்டா, மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்கள் கூடையோடு வந்துவிடுங்கள். காசு வேண்டாம்; வெயில் ஏறுவதற்குள் வந்தால் போதும்.