நாயாற்றில் விலை பார்த்த துவக்கு

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகும் வீதியில், நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில். அங்கே படகு எஞ்சின் திருத்தும் பெரியவர் சண்டைக்கு முந்திய காலத்தில் வேட்டைத் துவக்குத் திருத்தியவர். பன்றிக் காவலுக்கு அனுமதிப் பத்திரத்தோடு கமக்காரர் வைத்திருந்த சொட்கண்கள், விசைவில் தளர்ந்தோ சோங்கு வெடித்தோ அவர் கைக்கு வந்தன. சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுக்குரியது, இன்றும் அதுதான் ஆட்சி. இப்போது அவரிடம் துவக்கு வருவதில்லை, துவக்கின் படம் வருகிறது.

கனடாவில் இருக்கும் மருமகன் ஒரு 'திரீ நொட் திரீ'க்கு விலை பேசியிருக்கிறான். "முழுக்கப் புதுப்பித்த பழைய இராணுவத் துவக்கு" என்கிறான் விற்பவன். அங்கே உரிமம் எடுத்தால் இதை வாங்கலாம். வட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பெரியவர் கிறீஸ் துடைத்த விரலால் பெருப்பித்துப் பார்த்தார். மினுங்கும் சோங்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"உரஞ்சிப் போட்டாங்கள், தம்பி."

துவக்கு நான்காம் இலக்க லீ என்ஃபீல்ட். ரொறன்ரோவுக்கு மேற்கே லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1941 முதல் போர்க்காலத்தில் செய்து குவித்த இனம். நம்மவர்களும் வாழும் இன்றைய மிசிசாகாவின் எல்லைக்குள்தான் அந்த இடம். வட கனடாவின் ரேஞ்சர் படையினர் இதே துவக்கைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். ஆகவே அரிதான பொருள் அல்ல. 'அன்டிக்' என்ற பேச்சும் சந்தைப் பேச்சே. அமெரிக்கச் சட்டம் 1898வரை செய்த துவக்கைத்தான் அப்படி எண்ணுகிறது.

அப்படியென்றால் விலை எதில்? அடையாளங்களில். லோங் பிராஞ்ச் துவக்கின் இலக்கத்துக்கு நடுவில் 'எல்' என்ற எழுத்து நிற்கும். உடலில் வெட்டிய இலக்கமும் போல்ட் பிடியின் பின்புறத்து இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். கனேடிய அரசின் உடைமை என்பதற்குச் 'சீ' எழுத்துக்குள் ஓர் அம்புக்குறி இருக்கும். மரத்தில் குத்திய அந்த முத்திரைதான் சான்ட் பேப்பருக்கு முதல் பலி. இந்தப் படத்தில் அம்பின் ஒரு கால் மட்டும் மிச்சம்.

போல்ட் இலக்கம் பொருந்தியது. அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் முன் கட்டையின் நிறம் சோங்கோடு ஒட்டவில்லை. அந்தப் போருக்குப் பின் மலிவாக விற்ற இத்துவக்குகளின் முன் கட்டையை வேட்டைக்காரர் பாரம் குறைக்க வெட்டி எறிந்தார்கள். பிற்காலத்தில் வேறு மரம் வாங்கிப் பூட்டி "பழைய கோலம்" ஆக்குவது அங்கே ஒரு தொழில். வேலை சுத்தமாக இருந்தாலும் வெட்டுப்படாத துவக்கின் விலை அதற்கு வராது. ஆயுதசாலையே பிரித்துச் செப்பனிட்டு எஃப்.டி.ஆர். என்று முத்திரை குத்தியிருந்தால் கதை வேறு. அதுவும் துவக்கின் வரலாற்றில் சேரும்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டு எடுத்த படமும் இருந்தது. இரண்டே தவாளிப்புகள். மற்றவை தேய்ந்துபோயின என்று மருமகன் பயந்திருக்கிறான். போர்க்காலத்தில் நேரம் மிச்சம்பிடிக்க லோங் பிராஞ்சில் இரண்டு தவாளிப்போடே குழல் செய்தார்கள் என்று பெரியவருக்கு எப்படித் தெரியும்? "காலமை வாற எஞ்சினுக்கும் இப்பிடித்தான் புத்தகம் தேடிப் படிக்கிறனான்" என்றார். அவர் பார்த்தது வேறொன்றை. தவாளிப்பின் விளிம்பு கூராக இருந்தது, புள்ளி புள்ளியாகத் துரு இல்லை. அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து குழலில் உப்பு விடும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாதவனின் துவக்கு உள்ளுக்குள் அரித்துப்போகும். உப்பு என்ன செய்யும் என்று நாயாற்றுக்காரருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

வெளியில் ஒரு யமஹா படகு எஞ்சினுக்குப் புதுப் பெயின்ற் அடித்து உலர வைத்திருந்தார்கள். அது அவருடைய மகனின் வேலை. எஞ்சினுக்குப் பெயின்ற் விலையை ஏற்றுகிறது, துவக்குக்கு இறக்குகிறது. இந்த முரண் எனக்குப் பிடித்திருந்தது. கடலுக்குப் போகிற பொருளை ஓட்டத்துக்காக வாங்குகிறோம், சேகரிப்பாளன் வாங்குவது தொடப்படாத பழமையை.

மருமகனுக்கு அவர் குரல்பதிவு அனுப்பினார்: "சுடுறதுக்கு எண்டால் நல்ல சாமான். சேர்த்து வைக்க எண்டால் அவன் கேக்கிற விலை கூட. பாதிக்குத் தந்தால் எடு."