முப்புரி

எலும்பு என்றால் சுண்ணாம்பு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பாலைக் குடி, கேழ்வரகுக் கூழைக் குடி, எலும்பு உறுதிப்படும் என்று சொல்லாத வீடு உண்டோ? சொல்வதில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கதைதான். கோழி எலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊற வையுங்கள். சுண்ணாம்பு கரைந்துபோகும், எலும்போ வடிவம் மாறாமல் ரப்பரைப்போல் வளைந்துகொடுக்கும். எஞ்சி நிற்பதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம்.

இதை நான் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை. என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அதற்குள் நான்கு முறை எலும்பு முறிந்துவிட்டது. பிறவி நோய் என்றார்கள் மருத்துவர்கள். "வாயும் வயிறுமாக இருந்தபோது ஒழுங்காய்ச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகுமா?" என்று வீட்டிலேயே பேச்சு எழுந்தது. விடுமுறைக்கு டில்லியிலிருந்து ஊருக்குப் போயிருந்த என்னிடம் அண்ணி கேட்டார்கள்: "தம்பி, நீங்கள் இதைத்தானே படிக்கிறீர்கள்? குறை என் சாப்பாட்டிலா?"

கொடிக்கயிற்றின் நுனியைப் பிரித்துக் காட்டினேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் பெப்டைடுப் பிணைப்பால் கோக்கப்பட்ட சரம். அத்தகைய மூன்று சரங்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,000 அமிலங்கள், முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொண்டதே கொலாஜன். இதை 1954-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் ரிச்சும் கிரிக்கும் பிணைப்புகளின் கணக்கைத் திருத்தினார்கள். ஆயினும் முப்புரி முப்புரியாகவே நின்றது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் விழுந்த மங்கலான கறைகளிலிருந்து இதைக் கணித்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அச்சரங்களில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வருகிறது. அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது. மற்றவற்றுக்குப் பக்கக் கிளை என்று பெரிதாக ஏதேனும் இருக்க, இதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று புரிகளும் கூடும் நடுவில் அதற்கு மேல் இடமில்லை. கிளைசின் அங்கே அமர்ந்தால்தான் புரிகள் நெருங்கும். அதன் நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன், அடுத்த புரியின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். தனியே பார்த்தால் வலுவற்ற பிடி. நூற்றுக்கணக்கில் சேரும்போது கயிறு இறுகுகிறது.

குழந்தையின் சோதனை அறிக்கையில் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் என்று இருந்தது. கொஞ்சம்தான் பெரிது, ஆனாலும் அந்த இடத்தில் முறுக்கு நெகிழ்ந்துவிடும். தாய் தந்தை இருவர் இரத்தத்திலும் அம்மாற்றம் இல்லை. கருவுற்ற வேளையில் புதிதாய் நேர்ந்தது. எத்தனை படி பால் குடித்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. முழுக் குணம் தரும் மருந்து இன்றும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அண்ணி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அப்படியே தமிழில் எழுதிக் கொடுங்கள் தம்பி. அத்தையிடம் காட்டவேண்டும்" என்றார்கள்.

இரண்டு பக்கம் எழுதினேன். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே படித்தார்கள். முடித்ததும், கிளைசின் என்பதை எப்படி உச்சரிப்பது என்று மட்டும் கேட்டார்கள்.