ஆறு வாரம்
மாங்காட்டில் எதற்கும் ஆறு வாரக் கணக்கு உண்டு. எலுமிச்சம்பழத்தோடு ஒரே கிழமையில் தொடர்ந்து ஆறு வாரம் காமாட்சியம்மனைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு, குழந்தைக்கு, வேலைக்கு. என் வயிற்றுக்காக அம்மா செவ்வாய்க்கிழமைகளை எடுத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம். கேஸ், அல்சர், டென்ஷன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று கண் தேடும். பாதி வழியில் இறங்கி ஓடியிருக்கிறேன். ஓயாத வாய்ப்புண். அட்டை அட்டையாக இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. ஒரு டாக்டர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" என்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாட்டி இறந்து, காரியம் முடியும்வரை பதினாறு நாள் கிராமத்தில் இருந்தோம். மூன்று வேளையும் அரிசிதான்: கஞ்சி, சோறு, இட்லி. துக்க வீட்டில் சொல்லக்கூடாது, ஆனால் நான் நன்றாகத் தூங்கினேன். மாங்காடு திரும்பிய இரண்டாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது: அப்பாவுக்கு சுகர் வந்த வருஷத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது, சீலியாக் நோய்க் குழந்தைகள் தேறியதை வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்திருக்கிறார். கோதுமைமேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். இதைப் படித்த அன்றே கோதுமையை விட்டேன். ஒரு மாதம் சுகமாக இருந்தேன். பெருமையாக குடல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார் அவர். குளுட்டன் உள்ளே போனால்தான் உடம்பு அதற்கு எதிராகச் சண்டை போடும். அந்தச் சண்டையின் தடயத்தைத்தான் ரத்தத்தில் தேடுகிறார்கள். விட்டுவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். "தினமும் ரெண்டு வேளை கோதுமை சாப்பிடுங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

சிரித்துவிட்டேன். அவர் மாங்காட்டுக்காரர் இல்லை, புரியவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். 2016இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 தான். ஆயிரத்தில் ஒருவர். அங்கே சராசரியாக ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம். அதனால் இங்கே யாருக்கும் முதலில் இது தோன்றுவதில்லை. வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ், கையில் சீட்டு.

நோய் என்று சந்தேகப்படுவதைத் தெரிந்தே தின்பது தனி அனுபவம். மூன்றாவது வாரம் ஆபீசுக்கு லீவு போட்டேன். அம்மா சப்பாத்தியைச் சின்னதாகத் தேய்க்க ஆரம்பித்தாள். "என் சுகராலதானே பாப்பா" என்று அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாலாவது வாரம் விட்டுவிடலாம் என்று அழுதேன். விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கோயில் கணக்கும் அப்படித்தான் என்றாள் அம்மா.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத்துணுக்கிலும் உறுதியானது: குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. இரும்புச்சத்து மாத்திரை ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் அதுதான் பதில். ஆயுளுக்கும் கோதுமை கிடையாது. அழுகை வரவில்லை. பெயர் கிடைத்துவிட்டதே.

வீட்டுக்கு வந்து டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு. "சாம்பார்லயுமாடி?" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் வேண்டுதல் முடித்து வந்தாள். அம்மன்தான் காட்டிக்கொடுத்தாள் என்பது அவள் கட்சி. கையில் தொன்னையில் புளியோதரை. எனக்கு நீட்டியவள், பாதியில் கையை இழுத்து மோந்து பார்த்தாள்.

"பெருங்காயம்" என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். எனக்கு எலுமிச்சம்பழம்.