மிச்ச நாலு கல்லு

புனேக்கு வந்தப்புறம் எங்க வீட்டு வாண்டுக்கு ஜெபம்கூட ஆங்கிலத்தில்தான் வருது. பாளையங்கோட்டை ஆச்சிக்கு அதுல ரொம்ப வருத்தம். கார்ட்டூனை நிறுத்தச் சொன்னா வீட்ல யுத்தம். சரின்னு 'சூப்பர்புக்' போட்டோம் (பழசு 1981ல ஜப்பான்ல எடுத்தது; இவ பார்க்கிறது 2011ல வந்த புதுசு).

ஒரு நாளைக்கு ஒரே கதை. பக்கத்துல நானோ அம்மாவோ இருப்போம். முடிஞ்சதும் அதே கதையை வீடியோ கால்ல ஆச்சிக்குத் தமிழ்ல சொல்லணும். என்னைக் கேட்டா, டிவியைவிட இந்தப் பத்து நிமிஷம்தான் பிரயோஜனம். படம் பார்த்தா கதை தெரியும். ஆச்சிதான் குறுக்குக் கேள்வி கேட்பாங்க.

போன வாரம் தாவீது, கோலியாத். "ஏட்டி, அஞ்சு கல்லு எடுத்தானே, மிச்ச நாலை என்ன செஞ்சான்?"

வாண்டு முழிச்சது. அப்புறம் அதுவே தமிழ் வேதத்தை எடுத்து, 1 சாமுவேல் 17ஐ எழுத்துக்கூட்டித் தேடிட்டிருக்கு. பதில் அதுல இல்லைன்னு நான் இன்னும் சொல்லலை :)