'இரு தரப்பினர்' என்று எழுதித் தரும் கருவி

மாணவத் தோழர்களிடமிருந்து வரும் கள ஆய்வு அறிக்கைகள் கொஞ்ச நாளாக ஒரே கையால் எழுதியவைபோல இருக்கின்றன. தருமபுரியிலிருந்து வந்தாலும் தென்காசியிலிருந்து வந்தாலும் அதே நடைதான். எழுத்துப்பிழை இல்லை, பத்திகள் அளவெடுத்துத் தைத்தவைபோல நிற்கின்றன. "சமூக நல்லிணக்கத்தைப் பேணுவது காலத்தின் கட்டாயம்" என்று முடிகின்றன. சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ போட்டு எடுத்தது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது.

தோழர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. "மாணவர்கள் சொந்தமாக எழுதப் பழக வேண்டும்" என்று இப்போது எல்லா மேடையிலும் பாடம் எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் பலருக்கு வீட்டிலேயே விண்ணப்பத்தைத் திருத்தித் தர ஓர் அப்பா இருந்தார், ஆங்கிலம் பார்த்துத் தர ஒரு சித்தி இருந்தார், தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் இருந்தார். மூன்று தலைமுறையாக நடக்கும் இந்த உதவியை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. நம் பிள்ளைக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரவில்லை, நாளைக்குள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட வேண்டும் என்றால், விடுதி அறையில் ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது? கைபேசியில் இருக்கும் கருவி அதைச் செய்து தருகிறதென்றால் செய்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமை மனு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பம், ஆணையத்துக்கு அனுப்பும் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். இதில் எங்களுக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சொன்னதை அந்தக் கருவியிடம் கொடுத்து "நல்ல தமிழில் எழுதிக் கொடு" என்று கேட்கிறோமே, அங்கே.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஓர் அக்கா எங்களிடம் சொன்னது இது: "டீக்கடை வாசல்ல நின்னுட்டிருந்தேன். அவரு வண்டிய நிறுத்திட்டு, எங்க சாதிப் பேரைச் சொல்லி, ஒனக்கெல்லாம் என்னடி ஸ்கூட்டின்னு கேட்டாரு. செருப்பக் கழட்டிட்டு வந்தாரு. பத்து பேரு பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. டீ மாஸ்டர்கூட தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

உடன் வந்த மாணவர் இதைக் கருவியில் கொடுத்தார். கிடைத்தது: "மனுதாரர் பொது இடத்தில் சாதிய ரீதியான பாகுபாட்டிற்கும் அவமரியாதைக்கும் உள்ளாக்கப்பட்டார். இதனால் அவர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானார்."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் செருப்பு எங்கே போனது? உள்ளாக்கியது யார்? பத்துப் பேர் எங்கே, தலை குனிந்த டீ மாஸ்டர் எங்கே?

இது நடை பற்றிய கவலை மட்டும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது. மற்றது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. இரண்டுமே பொதுமக்களின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது இந்தக் கணக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நாம் எப்படி விமர்சித்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அதைத்தான் எடுத்து வைப்பார். அப்படியிருக்க "டீக்கடை வாசல்" என்பதும் "பத்து பேரு பாத்தாங்க" என்பதும் அலங்காரமா? வழக்கே அதில்தான் நிற்கிறது. அந்த அக்கா சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் பிரிவுக்குத் தேவையானதில் பெரும்பகுதி அவர் வாயிலேயே இருந்தது. கருவி அதைத் துடைத்துவிட்டு "மன உளைச்சல்" என்று எழுதிக் கொடுத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவன் "என்னடி" என்கிறான். செருப்பை ஓங்கி வந்தவனை இந்த அக்கா "வந்தாரு" என்கிறார். தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, எங்களிடம் பேசும்போதுகூட "வந்தான்" என்று அவர் வாயில் வரவில்லை. அந்த ஊரில் சாதி எப்படி இருக்கிறது என்று இதைவிடச் சிறப்பாக எந்த ஆய்வறிக்கை சொல்லிவிடும்? திருத்திய வாக்கியத்தில் "டி"யும் இல்லை, "ரு"வும் இல்லை.

கருவிமேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்திலிருந்து அது மொழியைக் கற்கிறது. அங்கே ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. அந்தத் தமிழிலும் நாளிதழ்த் தமிழும் அரசாணைத் தமிழும் கிடைக்கும் அளவுக்குச் சேரியில் பேசும் தமிழ் எழுத்தாகக் கிடைக்குமா? நம் தெருவுக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தினாலும் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று எழுதியவை நாளிதழ்கள்தான். "குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள்", "முன்விரோதம் காரணமாக" எல்லாம் கணினி கண்டுபிடித்த சொற்கள் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போய் நில்லுங்கள். நாம் சொல்லச் சொல்ல அவர் கேட்கிறார். தாளில் விழுவதோ "மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி" என்ற பழைய அச்சுதான். என்ன தகாத வார்த்தை என்று அதில் இருக்காது. அந்த மரத்தடி அச்சு இப்போது கைபேசிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மனு எழுதுபவருக்காவது ஐம்பது ரூபாய் கிடைத்தது.

"இரு தரப்பினர்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் சமாதானக் கூட்டம், பிறகு நம் பையன்கள் மீதும் ஒரு எதிர்வழக்கு. நம் அறிக்கையே அந்தச் சொல்லோடு தொடங்கினால் எதிர்வழக்குக்குக் காரணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

சாதிப் பெயர் விஷயத்திலும் இதே கதை. திட்டிய சொல்லை அப்படியே எழுதச் சொன்னால் கருவி சில நேரம் மறுக்கிறது, சில நேரம் "இழிவான சொல்" என்று மாற்றி வைக்கிறது. அதன் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதைத் தலைப்பிலேயே போட்டார். எந்தச் சொல்லை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவு செய்வது நம் வேலை.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரைக்கு நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். 1936-இல் லாகூரில் பேச அழைத்தவர்கள் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார், சாதியை ஒழிக்க விரும்பிய சீர்திருத்தக்காரர்கள். எதிரிகள் இல்லை. உரையைப் படித்துவிட்டுச் சில பகுதிகளை எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்தார். மாநாடு ரத்தானது. சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் இன்றுவரை நாம் படிக்கும் நூல். அது கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவரின் ஆங்கிலம், ஊர்ப் பேச்சு இல்லை என்பதையும் பாருங்கள். சொந்தக் குரல் என்றால் கொச்சையாக எழுதுவது என்று சில தோழர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், நான் என்ன நினைக்கிறேன் என்பதில் அடுத்தவர் கை வைக்க விடாமல் இருப்பதுதான் விஷயம்.

ஊர்ப் பேச்சிலேயே எழுதுவதற்கும் நமக்கு முன்னோடி இருக்கிறார். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது, இதெல்லாம் இலக்கிய மொழியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம். அதே நடையில் இன்று ஒரு மாணவி எழுதித் திருத்தக் கொடுத்தால் கருவி முதலில் கை வைப்பது பேச்சு வழக்கில்தான். அவளும் தன் எழுத்தில் இத்தனை தப்பா என்று ஒடுங்கிப் போவாள்.

நாங்கள் இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம். முதலில் பேச்சைப் பதிவு செய்கிறோம், அவர் சம்மதத்தோடு. அதைக் கையால் அப்படியே எழுதுகிறோம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பிறகு கருவியிடம் "திருத்து" என்று கேட்பதில்லை. "இதில் தேதி, நேரம், இடம், சாட்சி எதுவும் விடுபட்டிருக்கிறதா?" என்று கேட்கிறோம். இந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. எதிரியின் சாதி குறிப்பிடப்படவில்லை என்று ஒருமுறை அதுதான் சுட்டிக்காட்டியது. ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்கிறோம், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றாதே என்று சொல்லியே கேட்கிறோம். பெயர், ஊர், தொலைபேசி எண் எதையும் உள்ளே கொடுப்பதில்லை. பாலியல் வன்கொடுமை என்றால் வாக்குமூலத்தையே கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணின் அடையாளத்தை வெளிப்படுத்துவது சட்டப்படியே குற்றம், நாம் தட்டச்சு செய்தது எந்த நாட்டு சர்வரில் போய்க் கிடக்கும் என்பதும் நம் கையில் இல்லை.

கடைசியில் எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுகிறோம். 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாய்மொழிப் புகாரை எழுதிக்கொள்ளும் காவல் அதிகாரி கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்டியாக வேண்டும். பிரிவு 4 அதைக் கடமை என்கிறது. காவல் நிலையத்தில் அதைக் கேட்டு வாதாடும் நாம் நம் அறிக்கைக்கும் அதைச் செய்ய வேண்டாமா?

அந்த அக்காவுக்கு இரண்டையும் படித்துக் காட்டினோம். "உள்ளாக்கப்பட்டார்" என்று வந்ததும் அவர் குறுக்கிட்டார். "யாரு தம்பி அது, நானா?" என்றார். கையால் எழுதியதைப் படித்தபோது கடைசிவரை பேசாமல் கேட்டார். பிறகு, டீ மாஸ்டர் பெயரையும் போட்டுவிடச் சொன்னார், அவர் சாட்சி சொல்ல வருவாராம்.