நூற்றுக்கு நூறு! யாரை நீக்கிய பிறகு?

மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்துச் சுவர்களுக்கு வாய் முளைத்துவிடும். தேர்வு முடிவு வெளியான மறுநாளே பிள்ளைகளின் முகங்கள் வரிசை வரிசையாக, முகத்துக்கு ஒரு மதிப்பெண்ணாக, விளம்பரத் தட்டிகளில் ஏறி நிற்கும். "நூற்றுக்கு நூறு தேர்ச்சி!" என்று ஒவ்வோர் எழுத்தும் முழ உயரத்தில் முழங்கும். அம்மாபேட்டையில் கூலிக்குத் தறி நெய்யும் தகப்பன், அந்தத் தட்டியின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான். தன் மகளின் முகம் அங்கே ஏறும் நாள் வருமா என்று ஏங்குகிறான். ஏங்கியவன் நம்மிடம் வந்து கேட்கிறான்: "எந்தப் பள்ளிக்கூடம் சார் நல்ல பள்ளிக்கூடம்? நம்ம அம்மாபேட்டையா, கொண்டலாம்பட்டியா, அயோத்தியாப்பட்டணமா? இல்ல, கடனை வாங்கியாவது ராசிபுரத்துக்கு அனுப்பிரலாமுங்களா?"

நியாயமான கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமன்று. ஒப்பிட்டுப் பார்த்ததனால்தான் இந்த நாட்டில் ஏற்றத்தாழ்வு ஏற்றத்தாழ்வாகவே கண்ணில் பட்டது. ஆனால் எந்தக் கோலை வைத்து அளப்பது? சாதகக் கட்டங்களைக் காட்டி மணமக்களைச் சேர்க்கும் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞரும், தேர்ச்சி விழுக்காடு என்ற ஓர் எண்ணைக் கண்டதும் கைகட்டி நின்றுவிடுகிறார்கள். எண் என்றால் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை! அந்த நம்பிக்கையைத்தான், தோழர்களே, சற்றே உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வாரியங்கள் இருந்தன. பாடநூல் வேறு, வினாத்தாள் வேறு. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது; 2011இல் அதை நிறுத்தி வைக்க முயன்றபோது, உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு மாதத்தில் நடைமுறைப்படுத்தியே தீரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நெசவாளி மகளும் ஆலை முதலாளி மகனும் ஒரே பாடநூலைப் படித்து, ஒரே வினாத்தாளை எழுதும் நிலை பிறந்தது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. தாள் ஒன்றானது, தாளை எழுத வருவோரைத் தேர்ந்தெடுக்கும் வாயில் மட்டும் ஒன்றாகவில்லை!

அந்த வாயில் எங்கே இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பில். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது என்கிறது. சேர்க்கும்போது வடிகட்டும் தேர்வு வைக்கக்கூடாது என்கிறது. எட்டோடு சட்டத்தின் நிழல் முடிகிறது. பதினான்கு வயதில், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு ஓராண்டே இருக்கையில், தேர்ச்சி பெறுமா பெறாதா என்று ஐயம் தரும் பிள்ளையின் பெற்றோருக்கு அழைப்பு வருகிறது. மிரட்டல் இல்லை; மிகுந்த மரியாதை; நாற்காலிகூடத் தருகிறார்கள். "வேறு பள்ளி பார்த்துக்கொண்டால் பிள்ளைக்கு நல்லது" என்ற அறிவுரை, அதனோடு மாற்றுச் சான்றிதழ்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் நூறு பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் முப்பது பேர் வெளியே. எழுதுவோர் எழுபது, வெல்வோர் எழுபது, தேர்ச்சி நூற்றுக்கு நூறு. பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கும் நூறு பேர். தள்ளப்பட்ட முப்பது பேரும் அங்கே வந்து சேர, எழுதுவோர் நூற்று முப்பது. வெல்வோர் நூற்றுப் பதினேழு. தேர்ச்சி தொண்ணூறு விழுக்காடு. நூற்றுப் பதினேழு பேரைக் கரையேற்றிய பள்ளி தாழ்ந்த பள்ளி. எழுபது பேரைக் கரையேற்றி, முப்பது பேரை நட்டாற்றில் இறக்கிவிட்ட பள்ளி உயர்ந்த பள்ளி! தட்டியில் இருக்கும் எண் பொய்யன்று. ஆனால் அந்த எண் பேசாமல் விட்டது எத்தனை!

நாம் பணியாற்றும் பள்ளிக்கு அப்படி வந்த மாணவி ஒருத்தி. தந்தை வெண்பட்டு வேட்டி நெய்பவர். ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றாண்டு, குழுக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். "உட்காருங்கண்ணா" என்றோம். உட்காரவில்லை. "பத்தாவது எழுதுனா பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போயிருமாமுங்க சார்" என்றார். அந்தப் பெண்ணிடம் அறிவியல் பாடத்தின் வினா ஒன்றைக் கேட்டோம். மூச்சுவிடாமல், கால்புள்ளிகூடப் பிசகாமல் விடையை ஒப்பித்தாள். பிறகு, அவள் பார்த்திராத ஒரு சிறு பத்தியை, அன்றைய நாளேட்டிலிருந்து எடுத்து, படித்துப் பொருள் சொல்லச் சொன்னோம். படித்தாள், பொருள் சொல்ல இயலவில்லை. "இது புத்தகத்துல இல்லையே சார்" என்றாள். மூன்றாண்டுக் கட்டணம் எதற்குச் செலவாயிற்று என்பது நமக்கு அந்த ஒரு சொல்லில் விளங்கிற்று.

அவள் நம் பள்ளியில் சேர்ந்தாள். சேராமல் போகிறவர்களும் உண்டு. வீட்டிலேயே தறி இருக்கிறது; வெள்ளிக் கொலுசுப் பட்டறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில், ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடு எதிர்த்தது. 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவர இந்த மாநிலம் பட்ட பாடு கொஞ்சமா? 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய நண்பகல் உணவு, 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. ஒரு நூற்றாண்டு உழைத்து உள்ளே அழைத்துவந்த பிள்ளையை ஒரு தாள் மாற்றுச் சான்றிதழ் திரும்பத் தறிக்குழிக்கு அனுப்பிவிடுகிறது. 1953இல் அரசாணை வேண்டியிருந்தது. இப்போது விழுக்காடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது!

நாமக்கல்லின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 1997வரை நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மண்தானே அது. முட்டைக்கும் கோழிக்கும் பெயர்பெற்ற அந்த வட்டாரத்தில், நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் விடுதிப் பள்ளிகள் எழுந்தன. மாநில அளவில் முதலிடங்கள் அங்கே அடிக்கடி போயின. மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்தார்கள். மக்கள் வைத்த பெயர் என்ன தெரியுமோ? பிராய்லர் பள்ளிகள்! மக்களின் நகைச்சுவைக்கு ஈடேது! உள்ளே நடந்தது என்ன? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் உருப்போட வைப்பது. பொதுத்தேர்வு பன்னிரண்டில் மட்டும் இருந்ததால் அது நடந்தது. நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவன் இரண்டு பாடநூலையும் படித்துவிட்டு, ஒரே நூலை இரண்டாண்டு மென்றவனோடு பந்தயம் ஓடினான். ஓட்டத்தின் முடிவை மட்டும் அறிவித்தார்கள். யார் எவ்வளவு தூரம் ஓடினார் என்று எவரும் சொல்லவில்லை.

2017இல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. இரண்டும் நல்ல அடிகள். அதே 2017இல் நீட் தேர்வும் இங்கே வந்து, மருத்துவக் கனவின் விலையைப் பயிற்சி மையத்தின் கட்டணமாக மாற்றிற்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்த பிறகே, நம் பிள்ளைகளுக்கு அந்த வாயில் சற்றுத் திறந்தது. இப்போது, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்குவதாக அறிவித்தது. பிள்ளைகளின் மனச்சுமை குறையும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் மறுபடியும் ஓரத்துக்குப் போகாமல் யார் காப்பது? நமக்கு இந்த ஐயம் தீரவில்லை.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம். அரசுப் பள்ளியில் இருப்பதாலேயே நாம் சொக்கத் தங்கம் அல்லர். மீளாய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, "உங்கள் விழுக்காடு என்ன?" என்பதே. கேள்வி அதுவானால் விடையும் அதற்கேற்பத்தானே வளையும்! 'மெல்லக் கற்போர்' என்று சிலரைப் பிரித்து, முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு எது தேவையோ அதை மட்டும் கையேடாக்கி, மனப்பாடம் செய்யவைத்து அனுப்புகிறோம். தேர்ச்சி கிட்டுகிறது, படிக்கும் ஆற்றல் கிட்டவில்லை. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக, பீசா என்ற பன்னாட்டு ஆய்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. பங்கேற்ற எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் வரிசையில் நாம் கடைசிக்கு அருகில். பதினைந்து வயதுத் தமிழ்நாட்டு மாணவரில், படித்துப் பொருள்கொள்ளும் அடிப்படை அளவை எட்டியோர் நூற்றுக்குச் சுமார் 17 பேர். பொதுத்தேர்வில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தேறிய காலத்தில்! அந்த ஆய்வில் தனியார் பள்ளி மாணவரும் இருந்தனர் என்பதையும் மறக்கவேண்டாம். இந்தியா அடுத்த சுற்றுகளில் ஒதுங்கிக்கொண்டது. கண்ணாடி முகத்தைச் சரியாகக் காட்டியதால் கண்ணாடியையே கழற்றிவிட்டார்கள்.

புறநகர்ப் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதும் இதே சங்கடம். அலுவலர் குடியிருப்பு மிகுந்த பகுதியின் அரசுப் பள்ளிக்கும், தறிமேடு மிகுந்த பகுதியின் அரசுப் பள்ளிக்கும் கட்டடம் ஒன்று, நூல் ஒன்று, ஆசிரியர் ஊதியம் ஒன்று, விழுக்காடு வேறு. அமெரிக்காவில் 1966இல் கோல்மன் என்ற சமூகவியலாளர் நான்காயிரம் பள்ளிகள் அளவில் ஆராய்ந்து சொன்னார்: மாணவரின் மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளியின் வசதியைவிட வீட்டின் நிலையே மிகுதியாக விளக்குகிறது என்று. இதைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, "வீடு சரியில்லை, நாங்கள் என்ன செய்வோம்?" என்று சொல்லும் ஆசிரியரும் உண்டு. அவர்களுக்கு அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தைக் காட்டவேண்டும். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் நல்ல ஆசிரியர் மிகுதியாகத் தேவைப்படுகிறார், அவருடைய தரம் அந்தப் பிள்ளையைத்தான் மிகுதியாகப் பாதிக்கிறது என்பதும் அங்கே இருக்கிறது.

அப்படியானால் ஒப்பீடே வேண்டாமென்று மூடி வைத்துவிடலாமா? வேல்சு நாடு 2001இல் பள்ளித் தரப்பட்டியல் வெளியிடுவதை நிறுத்திற்று. பின்னர் ஆய்வாளர்கள் பார்த்தபோது, பட்டியலைத் தொடர்ந்த இங்கிலாந்தோடு ஒப்பிட, வேல்சின் பள்ளிகள் சற்றுப் பின்தங்கியிருந்தன. எனவே இருட்டு மருந்தாகாது. இங்கிலாந்து 2016 முதல் வேறொரு கோலைக் கையாண்டது: பதினோரு வயதில் பிள்ளை நின்ற இடம் எது, பதினாறில் எட்டிய இடம் எது, இடையில் பள்ளி ஏற்றிவிட்டது எவ்வளவு என்று பார்ப்பது. நம்முடைய கோலைவிட நேர்மையான கோல். அங்கும் தேர்வுக்கு முன்னே பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து கழற்றிவிடும் பள்ளிகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்! வணிகமும் விளம்பரமும் புகுந்த இடத்தில் சல்லடையும் புகுந்துவிடும்போலும்.

மாவட்ட வரிசை பற்றி ஒரு சொல். விருதுநகர் பல்லாண்டு முதலிடத்தில் இருந்தது. 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் திருப்பூர் 97.45 விழுக்காட்டோடு முதலிடம். 2025இல் அரியலூர் 98.82. பெரிய நகரமற்ற அரியலூர் மேலே வந்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சேலம் மேலா நாமக்கல் மேலா என்று தேநீர்க்கடையில் வாதிடும் தோழர்களே, இரண்டு விழுக்காட்டு வேறுபாட்டை, ஒன்பதாம் வகுப்பில் வெளியேறியோர் எத்தனை பேர் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வாதிட்டு என்ன பயன்?

அந்த எண் அரசிடம் இருக்கிறது. எமிஸ் என்னும் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவர்க்கும் ஓர் எண் உண்டு. ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ந்தார், ஒன்பதில் எங்கே மாறினார், பத்தில் எங்கே எழுதினார் என்பதெல்லாம் அதில் ஏறுகிறது. பள்ளிவாரியாகக் கூட்டி வெளியிடப் புதிய சட்டம் தேவையில்லை, மனம் போதும். தேர்வு முடிவு வரும் அதே நாளில், தேர்ச்சி விழுக்காட்டின் அருகே இன்னும் இரண்டு எண்களை அச்சிடட்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர்? அவர்களில் இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதியோர் எத்தனை பேர்? தனியார்க்கும் அரசுக்கும் ஒரே விதி.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. பெற்றோரே அதில் பெரும்பான்மை. அம்மாபேட்டையில் படிப்பகம் வைத்திருக்கும் இளைஞர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும் பெற்றோரோடு பேசட்டும். சேர்க்கைப் பதிவேட்டையும் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லட்டும். நம் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். பதிவேடு தலைமையாசிரியர் அறை மேசையில் இருக்கிறது. ஆறில் பெயர் இருந்து பத்தில் பெயர் இல்லாத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நடந்துபோகும் தொலைவுதான். தறிச் சத்தம் வழி சொல்லும்.